வார்டுக்கு வெளியே ஒரு வேலை

1970களின் தொடக்கம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரத்தை ஒட்டி மெண்டோட்டா என்ற அரசு மனநல மருத்துவமனை. அங்கே ஒரு தனிப் பிரிவில், நெடுநாள் நோயாளிகளை வீட்டுக்கு அனுப்புவதற்காகவே ஒரு பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சமைப்பது, துணி துவைப்பது, கடையில் காசு எண்ணிக் கொடுப்பது எல்லாவற்றையும் வார்டுக்குள்ளேயே சொல்லிக்கொடுத்தார்கள். நோயாளிகளும் நன்றாகவே கற்றுக்கொண்டு டிஸ்சார்ஜ் ஆனார்கள். சில மாதங்கள் போனதும், பழைய நிலையிலேயே அதே வார்டுக்குத் திரும்பி வந்தார்கள்.

ஒரேயொரு சமூகப் பணியாளரிடம் இருந்த நோயாளிகள் மட்டும் அப்படித் திரும்பவில்லை. வார்டு ஊழியர்களுக்கு அது கண்ணில் பட்டது. அந்தப் பெண் அப்படி என்னதான் செய்கிறார் என்று பார்த்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டு எழுதியதோடு அவர் வேலை முடியவில்லை. நோயாளியைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய்த் தங்குமிடத்தில் விட்டார். எந்தப் பேருந்தில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று கூடவே போய்க் காட்டினார். வீட்டு உரிமையாளரிடமும் குடும்பத்தாரிடமும் போனில் பேசிக்கொண்டே இருந்தார். பிரிவின் மருத்துவர் லெனார்ட் ஸ்டைன், உளவியலாளர் மேரி ஆன் டெஸ்ட் முதலானோர் அதிலிருந்து துணிச்சலான ஒரு முடிவுக்கு வந்தார்கள். நோயாளியை வார்டில் வைத்து ஊருக்குத் தயார்செய்வதை விட்டுவிட்டு, வார்டு ஊழியர்களையே ஊருக்குள் அனுப்புவது.

அதை ஓர் ஆய்வாகவும் நடத்தினார்கள். 130 நோயாளிகள், இரண்டு குழுக்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு 14 மாதங்கள் ஊருக்குள்ளேயே தீவிரக் கவனிப்பு. 1980இல் முடிவுகள் வெளியாயின. ஊருக்குள் கவனிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைப் படியேறவே இல்லை. வேலைக்குப் போனார்கள், தனியாக வாழ்ந்தார்கள். ஆனால் 14 மாதம் முடிந்து அந்தக் கவனிப்பை விலக்கிக்கொண்டதும், கிடைத்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரைந்துபோனது. மருத்துவமனைச் சேர்க்கை மறுபடி ஏறியது.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதல் பாதியையே அதிகம் சொல்வார்கள். களத்தில் வேலை செய்பவர்களைக் கேட்டால் இரண்டாம் பாதிதான் முக்கியம் என்பார்கள். சமூகத்தில் வைத்துக் கவனிப்பது என்பது ஒரு கோர்ஸ் மருந்துபோல் கொடுத்து முடிப்பதல்ல, நிறுத்தினால் நின்றுவிடும். மனநலப் பணியாளர்கள் இந்த முறையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கும் ஆய்வுகள் பல நாடுகளில் வந்திருக்கின்றன. அவற்றைப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஒரு மரியாதைக்காகப் படிப்பதுபோலப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மெண்டோட்டாவில் அந்தக் கண்டுபிடிப்பின் விதையே ஊழியர்களின் கண்ணில் பட்டதுதான் என்பதை நினைத்தால் இது கொஞ்சம் விசித்திரம்.

வார்டில் கற்றது ஊரில் ஏன் கைகொடுக்கவில்லை? நெடுநாள் நோயாளிகள் பலருக்கு இருக்கும் மனச்சிதைவு என்றதும் காதில் கேட்கும் குரல்களும் யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகமும்தான் நினைவுக்கு வரும். மருந்து அவற்றைப் பெருமளவு அடக்கிவிடும். மருந்துக்கு அவ்வளவாக மசியாதவை வேறு இருக்கின்றன. எதிலும் ஆர்வம் பிடிக்காமல் போவது, பேச்சு குறைவது, ஒரு வேலையைத் திட்டமிட்டு வரிசையாகச் செய்ய முடியாமல் திணறுவது, ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்தில் பொருத்திச் செய்ய வராமல் போவது. வார்டின் கேஸ் அடுப்பில் டீ போடக் கற்றவருக்குத் தன் வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ் புதிய சிக்கல். ஆகவே எங்கே வாழப்போகிறாரோ அங்கேயே கற்றுக்கொடுப்பதுதான் பலன் தரும். நோயின் இயல்பே பணியாளரை வெளியே வா என்று கூப்பிடுகிறது.

வெளியே வரச் சொன்னதும் எல்லாரும் துள்ளிக் குதித்து வந்துவிடவில்லை. இத்தாலியில் 1904ஆம் ஆண்டுச் சட்டம், தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவர் என்று கருதப்பட்டவரைக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. அந்தச் சட்டத்தின் நிழலில் செவிலியர் என்றால் பாதி காவலாளி. நோயாளி தப்பித்தால், எதையாவது செய்துவிட்டால், பதில் சொல்ல வேண்டியவர் அவர். இடுப்பில் சாவிக்கொத்தோடு இருபது வருடம் வேலை பார்த்தவரிடம் போய்க் கதவைத் திற என்றால் எப்படி இருக்கும்? 1971இல் ட்ரியெஸ்தே நகரின் சான் ஜொவான்னி மனநல மருத்துவமனைக்கு இயக்குநராக வந்த ஃபிராங்கோ பசாலியா அதைத்தான் சொன்னார். அப்போது அங்கே சுமார் 1,200 நோயாளிகள். கட்டிப்போடுவது நின்றது. வார்டுகள் திறக்கப்பட்டன. நோயாளி, செவிலியர், மருத்துவர் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து விவாதிக்கும் கூட்டங்கள் வழக்கமாயின. 1973இல் நோயாளிகளும் ஊழியர்களும் கலைஞர்களும் சேர்ந்து மரத்திலும் காகிதக் கூழிலும் பெரிய நீலக் குதிரை ஒன்று செய்தார்கள். வாசலைவிட அது உயரமாகப் போய்விட்டது. நிலையை உடைத்துத்தான் ஊர்வலத்துக்கு வெளியே இழுத்துச் சென்றார்கள்.

குதிரைக் கதை உலகப் புகழ் பெற்றது. அதைவிடப் பெரிய மாற்றம் ஊழியர்களின் அன்றாட வேலையில் நடந்தது. மருத்துவமனை மெல்ல மூடப்பட்டபோது செவிலியர்கள் வேலை இழக்கவில்லை. அவர்கள் இடம் மாறினார்கள். நகரின் வெவ்வேறு பகுதிகளில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் மனநல மையங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சில படுக்கைகள் மட்டும். பழைய வார்டு செவிலியர் இப்போது நோயாளியின் வீட்டுக்குப் போனார், வாடகைத் தகராறில் பேச்சுவார்த்தை நடத்தினார், கூட்டுறவு நிறுவனத்தில் வேலை கிடைக்க வழி செய்தார். 1978 மே மாதம் நாடு முழுவதற்கும் சட்டம் எண் 180 வந்தது. புதிதாக மனநல மருத்துவமனை கட்டுவதும் பழையவற்றில் புதியவர்களைச் சேர்ப்பதும் நிறுத்தப்பட்டன. ட்ரியெஸ்தேயில் ஒரே நிர்வாகம், அதே ஊழியர்கள், அதே சம்பளப் பணம் வார்டிலிருந்து தெருவுக்கு நகர்ந்ததால் அந்த மாற்றம் கைகூடியது. இத்தாலியின் வேறு பல பகுதிகளில் கதவு மூடிய வேகத்துக்கு மையங்கள் முளைக்கவில்லை. சுமை குடும்பங்களின் தலையில் விழுந்தது.

ஊழியர்களின் பயம் வெறும் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. ட்ரியெஸ்தேக்கு முன்பு பசாலியா கொரிட்சியா நகரில் இருந்தபோது, 1968இல், ஒருநாள் விடுப்பில் வீட்டுக்குப் போன ஒரு நோயாளி தன் மனைவியைக் கொன்றுவிட்டார். பசாலியா மீதே வழக்கு வந்தது, பிறகு விடுவிக்கப்பட்டார். இப்படிப்பட்ட சம்பவங்கள் மிக அரிது. கடுமையான மனநோய் உள்ளவர்கள் வன்முறை செய்வதைவிட வன்முறைக்கு ஆளாவதே அதிகம் என்பது பல ஆய்வுகளில் நிலைபெற்ற உண்மை. ஆனால் அரிதான ஒன்று நடக்கும்போது யார் பக்கத்தில் நிற்பார்கள் என்பது பணியாளரின் கேள்வி. மேலதிகாரி நிற்பாரா, ஃபைலைத் தள்ளிவிட்டு ஒதுங்குவாரா? அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இருக்கும் இடத்தில் பணியாளர்கள் துணிகிறார்கள். இல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் தற்காப்புக்காக ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதி நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இந்தியாவின் கதை வேறு. இங்கே காலிசெய்ய அவ்வளவு படுக்கைகளே இருந்ததில்லை. அரசு மனநல மருத்துவமனைகள் நாற்பத்துச் சொச்சம், படுக்கைகள் சுமார் 20,000. 130 கோடிக்கு மேல் மக்கள்தொகை உள்ள நாட்டில் இது எம்மாத்திரம்? நோயாளிகள் என்றைக்குமே ஊரில்தான் இருந்தார்கள். வீட்டுத் திண்ணையில், மாட்டுக் கொட்டகையில், கோயில் பிராகாரத்தில், தர்கா வாசலில். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்கள் மருத்துவமனையில் அடைக்கப்பட்டவர்கள் அல்லர். சமூகத்துக்கு நடுவே இருந்தவர்கள். மேற்கத்திய நாடுகளில் பராமரிப்பு இருந்தது, சமூகத்தைத் தேடினார்கள். இங்கே சமூகம் இருந்தது, பராமரிப்பு இல்லை.

2015-16இல் பெங்களூரின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு இதை எண்களில் காட்டியது. கடுமையான மனநோய் உள்ளவர்களிலேயே நான்கில் மூவருக்குச் சிகிச்சை எட்டவில்லை. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடத் தேறாத நாட்டில் அதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஆள் பற்றாக்குறையிலிருந்தே நல்ல யோசனைகளும் பிறந்தன. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர், நோயாளியோடு குடும்பத்தையும் வரச்சொல்லி வளாகத்தில் கூடாரம் அடித்துத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் தொடக்க காலத்திலிருந்தே உறவினரை நோயாளியோடு தங்கச் செய்தது. உறவினர் பார்வையாளராக வரவில்லை. சோறூட்டினார், மருந்து கொடுத்தார், நோயைப் பற்றி வகுப்பில் உட்கார்ந்து கற்றார். வீடு திரும்பும்போது குடும்பத்தில் ஒருவர் பாதிச் செவிலியராகியிருப்பார். 1975ஐ ஒட்டி பெங்களூருக்கு அருகே சக்கலவாராவிலும் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணியிலும், ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களுக்கு மனநோயை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 1982இல் தேசிய மனநலத் திட்டம். பிறகு பெல்லாரி மாவட்டம் முழுக்க ஒரு சோதனை. 1996 முதல் மாவட்ட மனநலத் திட்டம். அதன் முதல் சுற்றிலேயே திருச்சி இருந்தது.

சென்னையில் சாரதா மேனன் வேறொரு கோணத்தில் தொடங்கினார். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்தவர். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படுபவர். குணமாகி வெளியே போனவர்களுக்கு வெளியே என்ன இருக்கிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். ஸ்கார்ஃப் என்றால்தான் சென்னையில் பலருக்குத் தெரியும்.

அந்த ஸ்கார்ஃப் வேலை செய்த காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்கள் உட்பட இந்தியாவின் மூன்று இடங்களில் நடந்த ஓர் ஆய்வு 2014இல் லான்செட் இதழில் வந்தது. காப்ஸி என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். மற்ற இரண்டு இடங்கள் கோவாவும் மகாராஷ்டிரத்தின் சாத்தாராவும். மனச்சிதைவு உள்ள 282 பேர். ஒரு குழுவுக்கு மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். இன்னொரு குழுவுக்கு அதோடு சேர்த்து, வீட்டுக்கே வரும் சமூக நலப் பணியாளர். இந்தப் பணியாளர்கள் பெரிய பட்டம் வாங்கியவர்கள் அல்லர். பள்ளிப் படிப்பு, பேசிப் பழகும் குணம், உள்ளூர்ப் பழக்கம், சில வாரப் பயிற்சி. மேலே கண்காணிக்க ஒரு மனநலச் சமூகப் பணியாளரும் மனநல மருத்துவரும்.

அந்த வேலை எப்படியிருக்கும்? காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்து ஊர் ஒன்றில் இப்படி ஒரு களப்பணியாளர் ஸ்கூட்டியில் வந்தால், பெரும்பாலும் வண்டியை அந்த வீட்டு வாசலில் நிறுத்த மாட்டார். கொஞ்சம் தள்ளி, பெட்டிக்கடை ஓரம் விடுவார். “யார் அந்தப் பொண்ணு, உங்க வீட்டுக்கு எதுக்கு அடிக்கடி வருது?” என்று தெரு கேட்கும் கேள்வியிலிருந்து குடும்பத்தைக் காப்பாற்ற அவர் கண்டுபிடித்த வழி அது. சில குடும்பங்கள் வீட்டுக்கு வரவே வேண்டாம் என்று சொல்லிவிடும். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது சந்திப்பு சுகாதார நிலையத்து வேப்பமரத்தடிக்கு மாறும்.

வீட்டுக்குள் போனதும் நேராக நோய்ப் பேச்சு கிடையாது. “வாம்மா, வெயில்ல வந்திருக்க, மோர் குடி” என்பார் அம்மா. மோர் குடித்து முடிக்கும்போதே பாதி விவரம் வந்துவிடும். நாலு நாளாகத் தூக்கமில்லை, மாத்திரை டப்பா அப்படியே இருக்கிறது, அப்பா நேற்று கையை ஓங்கிவிட்டார். பிறகுதான் பணியாளர் நோயாளியின் பக்கம் திரும்பிக் கேட்பார்: “என்னண்ணா, மாத்திரை ஒத்துக்கலையா?” கை நடுங்குகிறது, எச்சில் வழிகிறது, நாலு பேர் முன்னால் நிற்க வெட்கமாக இருக்கிறது என்று அவர் தரையைப் பார்த்தபடி சொல்லுவார். புறநோயாளிப் பிரிவின் மூன்று நிமிடத்தில் இதை அவர் சொல்லியிருக்க வழியில்லை. பணியாளர் அதை எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் சொல்ல, டோஸ் குறையும், அல்லது மருந்து மாறும்.

மாத்திரையை நிறுத்துவதில் ஒரு பொறி இருக்கிறது. நிறுத்திய மறுநாளே நோய் திரும்புவதில்லை. சொல்லப்போனால் முதல் சில நாட்கள் உடம்பு லேசாகும், மந்தம் விலகும், முகம் தெளியும். வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்தே அறிகுறிகள் தலைகாட்டும். அதனால் மாத்திரை நின்றதும் நோய் வந்ததும் குடும்பத்தின் மனதில் இரண்டு தனிச் சம்பவங்களாகவே பதிகின்றன. நடுவில் ஓர் அமாவாசையோ பக்கத்து வீட்டுச் சண்டையோ வந்திருந்தால் பழி அங்கே போய்விடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிற ஒருவர் மட்டுமே அந்த நூலைப் பிடித்துக் காட்ட முடியும்.

வீட்டுக்குள் நடப்பது நோயை எப்படி மாற்றுகிறது என்பதற்கு அறிவியலில் தெளிவான ஒரு கதை உண்டு. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மருத்துவமனையிலிருந்து வெளியேறிய மனச்சிதைவு நோயாளிகளைப் பின்தொடர்ந்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்கள்தான் நன்றாக இருப்பார்கள் என்று யாரும் நினைப்போம். நடந்தது நேர்மாறு. விடுதி அறையிலோ உடன்பிறந்தவர்களோடோ தங்கியவர்கள் ஓரளவு தாக்குப்பிடித்தார்கள். நெருங்கிய உறவிடம் போனவர்கள் அதிகமாக மருத்துவமனைக்குத் திரும்பினார்கள். தொடர்ந்து தோண்டியபோது காரணம் பிடிபட்டது. ஓயாத குறைகூறல், வெறுப்பு, அளவுக்கு மீறிய தலையீடு. இவை மண்டிய வீட்டில், நாள் முழுக்க முகத்துக்கு முகம் இருக்க வேண்டிய நிலையில், நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. 1980களில் சண்டிகரில் இதையே அளந்தபோது, லண்டனைவிட அங்கே குறைகூறும் குடும்பங்கள் குறைவாகவே இருந்தன. இந்தியாவில் மனச்சிதைவு சிலருக்கு ஏன் கடுமை குறைந்த போக்கில் போகிறது என்பதற்கு இது ஒரு விளக்கமாகச் சொல்லப்பட்டது. சென்னையில் 1981-82இல் முதன்முறை நோய் கண்ட 90 பேரை இருபத்தைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த மனநல மருத்துவர் தாராவின் குழுவினரும், கணிசமானோர் வேலை, திருமணம் என்று வாழ்க்கையைத் தொடர்ந்ததைக் கண்டார்கள்.

குடும்பம் இருக்கிறது, நமக்கென்ன கவலை என்று இதை எடுத்துக்கொள்கிறவர்கள் அதிகாரிகள். களப்பணியாளர்கள் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. வயதான ஒரு தாய், கல்யாணமாகாத ஒரு மகன், மாதம் ஒருமுறை நகரத்துக்குப் பஸ் பிடித்து மாத்திரை வாங்கும் ஒரு நாள் கூலி இழப்பு. தாய்க்குப் பிறகு யார்? பணியாளர்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அந்தத் தாய் எரிந்து விழுந்தால் அது வெறுப்பல்ல, களைப்பு. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பணியாளர் அம்மாவைத் திருத்தப் போவதில்லை. அவருக்கு வாரத்தில் ஒரு மத்தியானமாவது வீட்டைவிட்டு வெளியே போக வழி பார்க்கிறார்.

காப்ஸி ஆய்வு என்ன கண்டது? ஓராண்டு முடிவில், வீட்டுக்குப் பணியாளர் வந்த குழுவில் அறிகுறிகளும் இயலாமையும் சற்றே குறைந்திருந்தன. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதும் கூடியது. பிரமாதமான வித்தியாசம் அல்ல. ஆனால் மூன்று இடங்களையும் பிரித்துப் பார்த்தால் சுவாரசியம். கோவாவிலும் சாத்தாராவிலும் பெரிய மாற்றமில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் தெளிவான மாற்றம். வேறு சேவை எதுவும் எட்டாத இடத்தில்தான் வீடு தேடிப் போகும் ஆளுக்கு மதிப்பு அதிகம் என்று அதைப் படிக்கலாம். இன்னொரு முடிவையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள். அவமதிப்பும் பாகுபாடும் குறையவில்லை, குடும்பத்தின் சுமையும் குறையவில்லை. ஸ்கூட்டியில் வரும் ஓர் இளம்பெண் ஊர் வாயை மூட முடியும் என்று எதிர்பார்த்ததே அதிகம் என்று தோன்றுகிறது. கோயில் விழாக் குழுவிலும் நூறு நாள் வேலைப் பட்டியலிலும் நோயுள்ளவருக்கு இடம் உண்டா என்பதைத் தீர்மானிப்பவர்கள் வேறு ஆட்கள்.

பணியாளர்களின் மனக்குறைகள் அரசுத் திட்டத்தில் இன்னும் கூர்மையாகத் தெரியும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் ஒரு சிறு குழு: மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர். வாரத்தின் குறிப்பிட்ட நாளில் ஒரு தாலுகா மருத்துவமனை, மறுநாள் இன்னொன்று. பலர் ஒப்பந்த ஊழியர்கள். பணியிடம் காலியானால் காலியாகவே கிடக்கும். வண்டி வேறு முகாமுக்குப் போயிருக்கும். ரிஸ்பெரிடோன் இருக்கும் மாதம் டிரைஹெக்சிஃபெனிடில் இருக்காது. முன்னதன் விறைப்பைத் தணிப்பது பின்னது என்பதால் நோயாளி இரண்டையும் விட்டுவிடுவார். காகிதத்தில் இது சமூகம் சார்ந்த பராமரிப்பு. நடைமுறையில் ஒரு மேசையை வேறு கட்டடத்துக்கு மாற்றி அதே மாத்திரைச் சீட்டை எழுதுவது. வீட்டுக்குப் போக யாருக்கும் நேரமில்லை. எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்பதுதான் மாத அறிக்கையில் ஏறும். அந்தச் சமூகப் பணியாளர் ஒரு முழு நாள் செலவழித்து ஒருவருக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் உதவித்தொகைக்கான விண்ணப்பமும் வாங்கிக் கொடுத்திருப்பார். குடும்பத்துக்கு அது மருந்தைவிடப் பெரிய உதவியாக இருந்திருக்கும். அறிக்கையில் அதற்குக் கட்டமே இருக்காது.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். வார்டில் சம்பளம் வாங்கிப் பழகியவர்கள் மாற்றத்தை எதிர்க்கத்தானே செய்வார்கள், அவர்கள் பேச்சை எவ்வளவு நம்புவது? தென்னாப்பிரிக்காவின் கதை அதற்குப் பதில். ஜொகானஸ்பர்க் அமைந்த காவ்டெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமெனி என்ற தனியார் நிறுவனத்தின் இல்லங்களில் நீண்டகால நோயாளிகளை அரசு செலவில் வைத்திருந்தார்கள். 2015இல் அந்த ஒப்பந்தத்தை மாகாண சுகாதாரத் துறை ரத்துசெய்தது. சமூகம் சார்ந்த பராமரிப்புதான் முற்போக்கு, செலவும் மிச்சம் என்பது வாதம். மனநல மருத்துவர் சங்கமும் குடும்பங்களும் நலக் குழுக்களும் கடிதம் எழுதினார்கள், நீதிமன்றம் போனார்கள்: மாற்று இடம் தயாரில்லை, இவர்களை அனுப்பாதீர்கள். கேட்கவில்லை. 2016இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அவசர அவசரமாக இடம் மாற்றப்பட்டார்கள். சரக்கு வண்டிகளில்கூட ஏற்றப்பட்டார்கள். மருத்துவக் குறிப்புகள் இல்லாமல் சிலர் போனார்கள். ஏற்றுக்கொண்ட தொண்டு நிறுவனங்கள் 27. அவற்றில் எதற்கும் செல்லத்தக்க உரிமம் இல்லை என்று சுகாதாரக் குறைதீர்ப்பாளர் மலேகபுரு மக்கோபா 2017இல் அறிக்கை கொடுத்தார். பசி, நீரிழப்பு, கவனிப்பின்மை. ஓய்வுபெற்ற நீதிபதி டிக்காங் மொசெனெக்கே 2018இல் தீர்ப்பளித்தபோது இறந்தவர் எண்ணிக்கை 144.

அந்த மருத்துவர்கள் சமூகப் பராமரிப்புக்கு எதிரிகள் அல்லர். அவர்கள் கேட்டதெல்லாம் வரிசை: முதலில் வெளியே இடம், ஆள், மருந்து, பிறகு உள்ளே கதவை மூடுங்கள். 2014இல் உலக சுகாதார நிறுவனம், மனநல மருத்துவமனைகளிலிருந்து நோயாளிகளை வெளியே கொண்டுவருவது பற்றி 42 நாடுகளின் 78 நிபுணர்களைக் கேட்டு வெளியிட்ட அறிக்கையிலும் இதே வரிசை வருகிறது. வெளியே சேவை இருக்க வேண்டும். மாற்றம் நடக்கும் காலத்தில் இரண்டு இடத்துக்கும் சேர்த்துச் செலவு ஆகும், மிச்சம் பிடிக்க நினைக்கக் கூடாது. ஊழியர்கள் மனதார இதில் இறங்க வேண்டும். வேலை போய்விடுமோ என்ற பயத்தைப் போக்காமல், புதிய வேலைக்குப் பயிற்சி தராமல், மனதார என்பது வராது.

இலங்கையில் வரிசை வேறு விதமாக அமைந்தது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்கு முன்பு மனநலச் சேவை பெரும்பாலும் கொழும்பை அடுத்த அங்கொடை மனநல மருத்துவமனையைச் சுற்றியே இருந்தது. பேரலைக்குப் பிறகு வந்த கவனத்தையும் பணத்தையும் வீணாக்காமல் 2005இல் மனநலக் கொள்கை வகுத்தார்கள். மாவட்டந்தோறும் சேவை, குறுகிய பயிற்சி பெற்ற மருத்துவ அதிகாரிகள், கிராமத்தில் சமூக உதவிப் பணியாளர்கள். சில ஆண்டுகளில், சேவைக் கட்டமைப்பு இருந்த மாவட்டங்கள் ஏறத்தாழ இரண்டு மடங்காயின. வடக்கில் போருக்கு நடுவே மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் ஆசிரியர்களுக்கும் கிராமப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்து வந்த அனுபவம் ஏற்கெனவே இருந்தது. மனநல மருத்துவர் ஒருவரோ இருவரோ இருந்த ஒரு பிரதேசத்தில் வேறு வழியும் இருக்கவில்லை.

குடும்பமே இல்லாதவர்களுக்கு என்ன வழி? இந்திய அரசு மனநல மருத்துவமனைகளில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் ஓராண்டைத் தாண்டி அங்கேயே இருக்கிறார்கள் என்று ஒரு தேசிய அளவிலான ஆய்வு சொல்கிறது. பலர் குணமானவர்கள், கூட்டிப்போக ஆளில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, குடும்பம் இல்லை, வீடு இல்லை, வெளியே வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. 1993இல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பேனியன் அமைப்பு இதற்கு ஒரு விடை கண்டது. சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு. நாலைந்து பேர் ஒரு குடும்பம்போலத் தங்குவார்கள். துணைக்கு ஒரு பணியாளர், பெரும்பாலும் உள்ளூர்ப் பெண். என்ன சமைப்பது, டிவியில் எதைப் பார்ப்பது, சண்டே எங்கே போவது என்பதை அவர்களே சண்டைபோட்டு முடிவு செய்துகொள்வார்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டியில் நல்ல முன்மாதிரிகளாகக் காட்டியவற்றில் ட்ரியெஸ்தேயும் இருக்கிறது, இந்தச் சென்னை வீடுகளும் இருக்கின்றன.

இந்த வீடுகளின் பணியாளர்களுக்கு மிகவும் கடினமானது எதையும் செய்யாமல் இருப்பது. வார்டில் பழகியவர் கை தானாகப் போய்த் தட்டைக் கழுவும், சேலை மடிப்பைச் சரிசெய்யும். அவராகச் செய்யட்டும் என்று உட்கார்ந்திருக்கப் பழக மாதங்கள் ஆகும். சாம்பாரில் உப்பு தூக்கலாக இருக்கும். சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் முதலில் ஜன்னலைச் சாத்துவார். அவரோடு தண்ணீர் லாரி வரிசையில் நின்று பேசிப் பழகுவதும் வேலைநேரத்தில்தான் சேர்த்தி.

இப்போது ஒரு புதிய வகைச் சக ஊழியர் வந்திருக்கிறார். தானே நோயிலிருந்து மீண்டு, மற்றவருக்குத் துணையாக வேலை செய்பவர். பேனியனிலும், பிரிட்டனிலும், வேறு பல நாடுகளிலும் இப்படி ஆட்களை எடுக்கிறார்கள். மாத்திரையின் மந்தத்தைப் பற்றி அவர் சொன்னால் நோயாளி நம்புகிறார். மருத்துவர் சொல்லி ஏறாதது ஏறுகிறது. பழைய ஊழியர்கள் இவரை வரவேற்கிறார்கள், ஆனால் தயக்கங்களோடு. அவருக்கு மறுபடி உடம்பு சரியில்லாமல் போனால் அதே மையத்திலா சிகிச்சை எடுப்பது? நோயாளிகளைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் அவர் இருக்கும்போது எவ்வளவு பேசலாம்? அவர் பெயரைச் சம்பளப் பட்டியலில் எந்தப் பதவியின் கீழ் எழுதுவது, எத்தனை ரூபாய் என்று போடுவது? பெரும்பாலான அரசுத் திட்டங்களின் பணியிடப் பட்டியலில் அப்படியொரு பதவி இன்னும் இல்லாததால், கிடைக்கிற இடத்தில் தன்னார்வலர் என்று எழுதி, பஸ் கட்டணம் கொடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.